நட்டு டைட் பண்ணா முன் வீல் சுத்தல, லூஸ் பண்ணா ஜம்முன்னு சுத்துது, என்னங்க பண்றது?

துருப்புடிச்சவன்:

எல்லாருக்கும் வணக்கம். ஒரு வருஷமா பிரிச்சு டப்பா டப்பாவா போட்டு வெச்சிருந்த வண்டிய இப்பதான் ஒண்ணொண்ணா மாட்டிட்டு வரேன். 1974 மாடல், ரெண்டு ஸ்ட்ரோக். எந்த கம்பெனின்னு சொல்லல, சொன்னா பாதி பேரு கேள்விய விட்டுட்டு எந்த வண்டி ஒசத்தின்னு ஆரம்பிச்சிடுவீங்க. முன்னாடி ட்ரம் பிரேக், ஒத்த கேம்தான். ஆக்சில் ஒரு பக்கம் உள்ள போய் இந்தப் பக்கம் தலைல காடி வெட்டின கோட்டை நட்டு, அந்தக் காடி வழியா குத்துற ஸ்ப்ளிட் பின். முன் வீலத் தாங்குற ரெண்டு ஃபோர்க் கால்ல ஒண்ணுக்கு கீழ மட்டும் ஆக்சில இறுக்கிப் பிடிக்கிற பிஞ்ச் போல்ட் இருக்கு.

வீலோட நடுவுல இருக்குற ஹப்புக்கு பவுடர் கோட்டிங் (பொடிய தூவி சூட்டுல படிய வெக்கிற பெயிண்ட்) போட்டாச்சு, புது ஸ்போக் கட்டி கோட்டம் எடுத்தாச்சு, புது டயரு, புது ட்யூபு, புது பேரிங் ரெண்டும் நானே அடிச்சு எறக்கினேன், ட்ரம்ம உள்ளேந்து அழுத்துற பிரேக் ஷூவும் புதுசு. நேத்து சாயங்காலம் வீல மாட்டலாம்னு உக்காந்தேன், பத்து நிமிஷ வேலைன்னு நெனச்சது ராத்திரி பதினோரு மணி வரைக்கும் இழுத்துடுச்சு.

பிரச்சனை என்னன்னா ஆக்சில் நட்ட கையால முறுக்கி விட்டா வீல் நல்லா சுத்துது, ஸ்பேனர் போட்டு டைட் வெச்சா கனமாயிடுது, முழுசா டைட் பண்ணா கிட்டத்தட்ட நின்னே போயிடுது, அரை சுத்து பின்னாடி எடுத்தா மறுபடியும் ஜம்முன்னு சுத்துது. அதோட ஹேண்டில் பாரப் புடிச்சு அமுக்கினா ஃபோர்க்கும் முன்ன மாதிரி எறங்க மாட்டேங்குது, பாதில மக்கர் பண்ணி நிக்குது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தர் "லேசா லூசா விட்டு ஸ்ப்ளிட் பின்ன போட்டுடு, நட்டு எங்க போகப் போவுது"ன்னு சொல்றாரு. அப்படி விடலாமா?

கிக்கர்:

ப்ரோ அந்த பக்கத்து வீட்டுக்காரர பில்லியன்ல உக்கார சொல்லுங்க, அப்புறம் என்ன சொல்றாருன்னு பாக்கலாம் 😀

கண்டிப்பா லூசா விடாதீங்க. ஸ்ப்ளிட் பின் நட்டு கழண்டு விழாம இருக்கத்தான், டைட்டுக்கு பதிலா அது நிக்காது. எனக்கு என்னமோ புது ஷூதான் புடிக்குதுன்னு தோணுது. ஷூ மேல இருக்குற புது லைனிங் கொஞ்சம் தடிமனா வரும், கேபிள் அட்ஜஸ்டர நல்லா உள்ள விட்டுட்டு பாருங்க.

துருப்புடிச்சவன்:

கேபிளயே கழட்டிட்டேன் ப்ரோ. லீவர் சும்மா தொங்குது. அப்பவும் அதே கதைதான்.

மரச்சுத்தி:

தம்பி, ஊகம் பண்ணிட்டே இருந்தா நாள் போயிடும். பிரேக்கா பேரிங்கான்னு மொதல்ல தனித்தனியா பிரிச்சு பாத்துடு, அது கஷ்டமே இல்ல.

வீல கழட்டி கீழ வை. ட்ரம்ம மூடிட்டு இருக்குற பிரேக் பிளேட்ட எடுத்துடு, ஷூவும் அதோட வந்துடும். இப்ப ஆக்சில வெறும் ஹப்புக்குள்ள விட்டு, ஃபோர்க் காலுக்கும் பிளேட்டுக்கும் பதிலா ரெண்டு பக்கமும் சின்ன பைப் துண்டு இல்லன்னா பழைய ஸ்பேசர், வாஷர் எது கெடச்சாலும் அடுக்கி நட்ட டைட் பண்ணு. ஒரே ஒரு கண்டிஷன், நீ வெக்கிற பைப்போட வாய் பேரிங்கோட உள் வளையத்துல மட்டும்தான் உக்காரணும், வெளி வளையத்தையோ சீலையோ தொடக் கூடாது. இப்ப ஆக்சில வைஸ்ல புடிச்சுகிட்டு வீல கையால சுத்து. இப்பவும் கனமா இருந்தா பிரேக்குக்கும் ஃபோர்க்குக்கும் சம்பந்தமே இல்ல, வியாதி ஹப்புக்குள்ள இருக்கு. லேசா சுத்துச்சுன்னா பிளேட்டு, ஷூ, இல்லன்னா ஃபோர்க் பக்கம் தேடணும்.

பாத்துட்டு சொல்லு. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன், ரெண்டு பேரிங்குக்கும் நடுவுல ஒரு குழா இருக்கணுமே, டிஸ்டன்ஸ் ட்யூபு, அத உள்ள போட்டியா?

துருப்புடிச்சவன்:

அண்ணே நீங்க சொன்ன மாதிரியே பண்ணேன். பிரேக் பிளேட்டே இல்ல, அப்பவும் டைட் வெச்சா கனம். சுத்தும்போது உள்ள நறநறன்னு மண்ணு மாதிரி ஒரு ஃபீலிங் கைக்கு தெரியுது. புது பேரிங்ணே அது!

குழா போட்டிருக்கேன், நல்லா ஞாபகம் இருக்கு, அதுக்கு கிரீஸ் தடவி போட்டேன். அது எதுக்குன்னே தெரியாமதான் போட்டேன்கிறது வேற விஷயம்.

மரச்சுத்தி:

எதுக்குன்னு தெரிஞ்சுக்கிட்டா உன் பிரச்சனை பாதி புரிஞ்சுடும்.

ஆக்சில் நட்ட டைட் பண்றப்ப நீ என்னத்த இறுக்குறன்னு யோசி. ஃபோர்க் காலு, ஸ்பேசர், ஒரு பேரிங்கோட உள் வளையம், நடுக் குழா, அந்தப் பக்க பேரிங்கோட உள் வளையம், பிரேக் பிளேட்டு, மறு ஃபோர்க் காலு. இது எல்லாம் சேந்து ஒரே கம்பி மாதிரி ஆயிடணும், அது சுத்தாது. வெளி வளையமும் ஹப்பும் மட்டும்தான் சுத்தணும். குழா இல்லன்னா நட்டு இறுக இறுக ரெண்டு உள் வளையமும் ஒண்ண ஒண்ணு பாத்து உள்ள நகரும், குண்டு எல்லாம் பள்ளத்தோட நடுவுல ஓடாம ஓரமா ஏறி நசுங்கும். நறநறன்னு சொன்னியே, அதுதான் அது.

உன் கிட்ட குழா இருக்கு, ஆனா குழா இல்லாத மாதிரியே நடந்துக்குது. அப்படின்னா ரெண்டே காரணம்தான். ஒண்ணு குழா நீளம் கம்மி, வேற வண்டி குழா போட்டிருக்கலாம், இல்ல ஒருத்தர் அத ஏற்கனவே தேச்சிருக்கலாம். ரெண்டாவது, ஒரு பேரிங், ஹப்புக்குள்ள அது போய் முட்டி உக்கார வேண்டிய படிக்கட்டு வரைக்கும் எறங்காம வெளிய நிக்குது. வெளி வளையம் ரெண்டுக்கும் நடுவுல இருக்குற தூரம் குழாவ விட அதிகமாயிடுச்சுன்னா உள் வளையத்த குழா தாங்காது.

இதுக்கு நேர்மாறாவும் நடக்கும், அதையும் சொல்லிடறேன் குழப்பிக்காத. ரெண்டாவது பேரிங்க ஓவரா அடிச்சு எறக்கிட்டா குழா உள் வளையத்த வெளிய தள்ளும், அப்ப நட்டு லூசா இருந்தாலும் வீல் கனமாத்தான் சுத்தும். உனக்கு லூசுல நல்லா சுத்துது, அதனால அது இல்ல.

ஹப்பு பவுடர் கோட்டிங் போட்டேன்னு சொன்னியே. பேரிங் உக்கார்ற இடத்த அடைச்சு மறைச்சுட்டு போட சொன்னியா?

துருப்புடிச்சவன்:

...சொல்லல.

ஸ்போக்காரன்:

அய்யய்யோ 😂 சார் இது நம்ம எல்லாரும் ஒரு தடவ பண்ற தப்புதான், வருத்தப்படாதீங்க. பவுடர் கோட்டிங் சாதாரணமாவே 60லேந்து 100 மைக்ரான் வரைக்கும் ஏறும், மூலைல தேங்குனா அதுக்கு மேலயும் போகும். 100 மைக்ரான்னா ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு, கண்ணுக்கு ஒண்ணுமே தெரியாது, பேரிங்குக்கு அது ஒரு மலை. எனக்கு பின் வீலத் தாங்குற ஸ்விங் ஆர்ம்ல இதே மாதிரி ஆச்சு, புஷ் எறங்கவே இல்ல, நானும் புஷ்ஷு அளவு தப்புன்னு கடைக்காரர திட்டிட்டு வந்தேன்.

பேரிங்க எடுத்துட்டு உள்ள டார்ச் அடிச்சு பாருங்க, வெள்ளி நிறத்துல உலோகம் தெரியணும், கலர் தெரிஞ்சா அதுதான் வில்லன்.

துருப்புடிச்சவன்:

எடுத்து பாத்துட்டேன். பிரேக் பக்கம் சுத்தமா இருக்கு. மறுபக்கம் படிக்கட்டு சுத்தி கறுப்பா கோட்டிங் நிக்குது, அதுவும் ஒரு இடத்துல சொட்டு விட்ட மாதிரி மேடா இருக்கு. சுவருலயும் பாதி தூரம் இருக்கு. அந்த பேரிங் எறங்கும்போது ரொம்ப கஷ்டப்பட்டுச்சு, சரி புதுசு டைட்டாத்தான் இருக்கும்னு நானும் பெரிய சுத்தியல எடுத்து நாலு போட்டேன். இப்ப கேக்க வெக்கமா இருக்கு.

இத எப்படிணே எடுக்கறது, சாண்ட் பேப்பரா?

மரச்சுத்தி:

சாண்ட் பேப்பர் போட்டு தேச்சேன்னா கோட்டிங்கோட சேத்து உலோகமும் போகும், அப்புறம் பேரிங் லூசாயி ஹப்புக்குள்ளயே சுத்த ஆரம்பிச்சிடும், அது இத விட பெரிய தலவலி. பெயிண்ட் ரிமூவர சின்ன பிரஷ்ல தொட்டு அந்த எடத்துல மட்டும் தடவு, வெளிய வழியாம துணி கட்டிக்கோ, இல்லன்னா அழகு பாத்து போட்ட கோட்டிங்கும் உரிஞ்சுடும். ஊறினதும் மரக்குச்சி இல்ல பிளாஸ்டிக் துண்ட வெச்சு சுரண்டு. கையுறை போட்டுக்கோ, அந்த மருந்து தோல்ல பட்டா எரியும்.

இன்னொரு கசப்பான செய்தி. இப்ப வெளிய எடுத்த பேரிங் ரெண்டும் வேஸ்டு. உள் வளையத்துல தட்டித்தான் வெளிய வந்திருக்கும், அந்த அடி குண்டு வழியா போய் பள்ளத்துல தழும்பு விழுந்திருக்கும். கைல சுத்துனா நல்லாதான் இருக்கும், ஓட்டுனா கொஞ்ச நாள்ல ஊளையிடும். மேல பொறிச்சிருக்குற நம்பர பாத்து அதே நம்பர் வாங்கு. உதாரணத்துக்கு 6203ன்னு இருந்தா உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, தடிமன் 12 மில்லிமீட்டர், 6202ன்னா 15, 35, 11, எந்த கம்பெனி தயாரிச்சாலும் இதுதான் அளவு. பின்னாடி 2ஆர்எஸ்னு இருந்தா ரெண்டு பக்கமும் ரப்பர் சீல் இருக்குன்னு அர்த்தம்.

இந்த தடவ சுத்தியல்ல ஆரம்பிக்காத. அலுமினிய ஹப்பா இருந்தா டயர், ட்யூப கழட்டிட்டு பேரிங் உக்கார்ற பகுதிய தண்ணி கொதிக்கிற சூடு அளவுக்கு ஹாட் ஏர் கன்னுல காட்டு, பேரிங்க பிளாஸ்டிக் கவர்ல சுத்தி ஃப்ரீசர்ல ராத்திரி பூரா வை. அலுமினியம் இரும்ப விட அதிகமா விரியும், பாதி நேரம் பேரிங் தானாவே பொத்துன்னு விழுந்துடும். அடிக்கணும்னா வெளி வளையத்த விட துளி சின்னதா இருக்குற சாக்கெட்ட வெச்சு வெளி வளையத்துல மட்டும் நேரா தட்டு. அடி வரைக்கும் போனதும் சத்தம் மாறும், டொப்பு டொப்புன்னு இருந்தது டிங்குன்னு கேக்கும், அங்க நிறுத்திடணும்.

ஒரு பக்க பேரிங்க படிக்கட்டு வரைக்கும் முழுசா எறக்கிடு, எந்தப் பக்கம் மொதல்லன்னு உன் வண்டி மேனுவல்ல இருக்கும். அப்புறம் குழா. அப்புறம் மறுபக்க பேரிங், அது குழாவத் தொடுற வரைக்கும் மட்டும். ஒவ்வொரு தட்டுக்கும் விரல உள்ள விட்டு குழாவ அசைச்சு பாரு, கடகடன்னு ஆடாம, ஆனா விரலால தள்ளுனா பக்கவாட்டுல நகர்ற அளவுக்கு வந்துட்டா போதும்.

கிக்கர்:

இந்த ஃப்ரீசர் டெக்னிக்க வீட்ல சொல்லாம பண்ணாதீங்க, அனுபவம் பேசுது.

துருப்புடிச்சவன்:

நாலு நாள் ஆச்சு. புது பேரிங் வந்துச்சு, ரிமூவர் போட்டு சுத்தம் பண்ணேன், ஹப்ப சூடு பண்ணி எறக்கினேன், ஒரு பக்கம் நெஜமாவே தானா விழுந்துச்சுணே, சிரிப்பு வந்துடுச்சு. பைப் துண்டு வெச்சு டைட் பண்ணி பாத்தேன், முழு டைட்லயும் ஒரு விரல்ல சுத்துது!!

இனிமே வீல ஃபோர்க்குல மாட்டறதுக்கு வரிசைய யாராவது சொல்லுங்க, ஃபோர்க் மக்கர் பண்ற கதையும் பாக்கி இருக்கு. இந்த தடவ ஒழுங்கா பண்ணிடறேன்.

ஸ்போக்காரன்:

மாட்டறதுக்கு முன்னாடி சின்ன சின்னதா சில விஷயம் சார். ஆக்சில கண்ணாடி மேல உருட்டி பாருங்க, கோணலா இருந்தா தத்தி தத்தி உருளும். டயர்ல அம்புக்குறி இருந்தா முன்னாடி சுத்துற பக்கம் பாத்திருக்கான்னு பாத்துக்கோங்க, டயர மாத்தி போட்டுட்டு எல்லாம் டைட் பண்ண அப்புறம் தெரிஞ்சா அழுகையா வரும். ட்ரம்முக்குள்ள கிரீஸ் கை பட்டிருந்தா தொடச்சிடுங்க. பழைய ஷூ கழட்டினப்ப வந்த தூசி இன்னும் பிளேட்டுல இருந்தா காத்தடிச்சு ஊதாதீங்க, அந்த காலத்து லைனிங்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், ஈரத்துணியால தொடச்சு துணியோட கட்டி போட்டுடுங்க.

புதுசா ஸ்போக் கட்டினதால இன்னொண்ணு. ரிம்மு ரெண்டு ஃபோர்க் காலுக்கும் சரியா நடுவுல வருதான்னு ஸ்கேல் வெச்சு பாருங்க. ட்ரம் ஒரு பக்கம் இருக்குறதால ஹப்புக்கு நடுவுல ரிம்ம கட்டினா வண்டிக்கு நடுவுல வராது, கோட்டம் எடுத்தவர் ஹப்ப மட்டும் பாத்து கட்டியிருந்தா ரிம்மு ஒரு பக்கமா தள்ளி நிக்கும். சுத்தும்போது ரிம்மோட ஆட்டம் 2 மில்லிமீட்டருக்கு மேல போகக் கூடாதுன்னுதான் நெறைய மேனுவல்ல போட்டிருப்பாங்க.

மரச்சுத்தி:

வண்டி மொதல்ல ஆடாம நிக்கணும். சென்டர் ஸ்டாண்ட் போட்டு எஞ்சினுக்கு அடில மரக்கட்டை குடு, சைலன்சர் பைப்புக்கு அடில குடுக்காத. ஆக்சில்ல லேசா கிரீஸ் தடவு, அடுத்த தடவ சுத்தியல் இல்லாம வரும். வீலுக்கு அடில ஒரு பலகைய விட்டு கால் பெருவிரலால நெம்பி தூக்கினா ஓட்டைக்கு நேரா தானா வரும், ஒத்த ஆளா இருந்தா இதுதான் வழி.

இப்ப சொல்றதுதான் எல்லாத்துலயும் முக்கியம், தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் சொல்லணும். பிரேக் பிளேட்ல ஒரு பள்ளம் இருக்கும், ஃபோர்க் கால்ல ஒரு முட்டு இருக்கும், ரெண்டும் கோத்துக்கணும். சில வண்டில அதுக்கு பதிலா தனியா ஒரு டார்க் ஆர்ம் கம்பி போல்ட்டு போட்டு இருக்கும். அது கோக்காம விட்டேன்னா நிறுத்தி வெச்சிருக்கப்ப ஒரு வித்தியாசமும் தெரியாது. ரோட்டுல மொத தடவ பிரேக் புடிச்ச உடனே பிளேட்டு வீலோட சேந்து சுத்தும், கேபிள பிச்சுகிட்டு வீல பூட்டும், ஆளு ஹேண்டில் பாருக்கு மேல போவாரு. மாட்டினதும் கண்ணால பாரு, அப்புறம் விரல விட்டு தடவியும் பாரு.

ஸ்பீடோமீட்டர் டிரைவ் பிளேட்டுலயே இருந்தா அதோட ரெண்டு காது ஹப்புல இருக்குற பள்ளத்துல உக்காரணும். வீல லேசா முன்ன பின்ன ஆட்டினா டக்குன்னு விழும். விழாம நட்ட டைட் பண்ணா காது நசுங்கிடும்.

அப்புறம் டைட்டு. பிஞ்ச் போல்ட்ட தொடவே தொடாத, லூசாவே இருக்கட்டும். கேபிள மாட்டி, வீல ஒரு சுத்து சுத்தி விட்டு பிரேக் லீவர நல்லா புடி, புடிச்சபடியே ஆக்சில் நட்ட டைட் பண்ணு. ஷூ ரெண்டும் ட்ரம்ம அழுத்திட்டு இருக்கறப்ப பிளேட்டு தானா நடுவுக்கு வரும், அந்த நெலமைல பூட்டிக்கும். லீவர விட்டுட்டா ஷூ ஒரு பக்கம் மட்டும் உரசுறது பாதி கொறஞ்சுடும். எவ்ளோ டைட்டுன்னு உன் மேனுவல்ல இருக்குற அளவுக்கு டார்க் ரென்ச்சு (இறுக்கத்த அளந்து காட்டுற ஸ்பேனர்) வெச்சு போடு, என் கை பலத்த கேட்டு பிரயோஜனம் இல்ல.

அப்புறம் ஸ்டாண்டுலேந்து எறக்கு. முன் பிரேக்க புடிச்சுகிட்டு ஹேண்டில் பார அஞ்சாறு தடவ நல்லா அமுக்கி அமுக்கி விடு. பிஞ்ச் போல்ட் இருக்குற காலு ஆக்சில் மேல வழுக்கி தனக்கு வசதியான எடத்துல நிக்கும். அதுக்கு அப்புறம்தான் பிஞ்ச் போல்ட்டு. நீ மொதல்லயே அத டைட் பண்ணியிருப்ப, கால் ரெண்டும் உள்பக்கமா இழுத்துகிட்டு நின்னிருக்கும், அதான் பாதில மக்கர். பிஞ்ச் போல்ட்ட மெரட்டாத, அலுமினிய காது உடைஞ்சா புது கால் தேடணும்.

கிக்கர்:

எல்லா வண்டிக்கும் இதே வரிசை இல்லங்க, படிச்சிட்டு யாராவது அவங்க வண்டில ட்ரை பண்ணிட போறாங்க. என் புல்லட்ல ஆக்சில உருவுற வேலையே கெடயாது, ஃபோர்க் அடில கேப் ரெண்டு, நாலு நட்டு, அத எடுத்தா வீல் அப்படியே எறங்கி வந்துடும், திரும்ப மாட்டும்போது நாலையும் மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா டைட் வெக்கணும். 1969ல வந்த ஹோண்டா சிபி 750லயும் அடில கேப்புதான், ஆனா அதுல முன் நட்ட மொதல்ல டைட் பண்ணி அப்புறம்தான் பின் நட்டு, பின்னாடி ஒரு சந்து நிக்கும், அது தப்பு இல்ல அப்படித்தான் இருக்கணும். சந்து இருக்கேன்னு அத மூடப் பாத்து ஸ்டட்ட முறிச்ச ஆளு எனக்கு தெரியும், நான் இல்ல.

பழைய பிஎஸ்ஏ வெச்சிருக்குறவங்க, நெறைய மாடல்ல முன் ஆக்சில் எடது மரைன்னு ஞாபகம் வெச்சுக்கோங்க, வழக்கமா சுத்துற பக்கம் கழட்ட போனா இன்னும் டைட்டுதான் ஆவும்.

துருப்புடிச்சவன்:

அண்ணே மாட்டிட்டேன்!! முட்டு பள்ளத்துல உக்காந்திருக்கான்னு மூணு தடவ விரல விட்டு பாத்தேன். பிரேக் புடிச்சுகிட்டே நட்டு டைட் பண்ணேன், ஒரு கை பத்தாம ரப்பர் பேண்டு போட்டு லீவர கட்டிட்டேன். ஃபோர்க் வெண்ணெய் மாதிரி எறங்கி ஏறுது, நீங்க சொன்னதேதான், போன தடவ பிஞ்ச் போல்ட்டத்தான் மொதல்ல டைட் பண்ணேன். வீல் சுத்தி விட்டா லேசா ஒரு எடத்துல மட்டும் ஸ்ஸ்னு உரசல் கேக்குது.

புது ஸ்ப்ளிட் பின் போட்டு மடிச்சும் விட்டாச்சு. தெரு முனை வரைக்கும் மெதுவா போய்ட்டு வந்தேன், ஒரு வருஷத்துக்கு அப்புறம் ணே!

மரச்சுத்தி:

சந்தோஷம் தம்பி. லேசா ஸ்ஸ்னு கேக்கறது புது ஷூ, படிய படிய போயிடும், ஆனா கொஞ்ச தூரம் ஓட்டிட்டு ட்ரம்ம தொட்டு பாரு, கை வெக்க முடியாத சூடு இருந்தா ஷூ இன்னும் நெருக்கமா இருக்குன்னு அர்த்தம். பிரேக்கு படியற வரைக்கும் பாதிதான் புடிக்கும், முன்னாடி போற வண்டி கிட்ட ஒட்டிப் போகாத. 50 கிலோமீட்டர் ஓடினதும் நட்டு, பிஞ்ச் போல்ட்டு, ஸ்போக் மூணையும் மறுபடியும் பாரு, புது ஸ்போக் கண்டிப்பா கொஞ்சம் தளரும்.

துருப்புடிச்சவன்:

சரிணே. ஒரே ஒரு சின்ன சந்தேகம், ஓட்டும்போது ஸ்பீடோமீட்டர் முள்ளு அசையவே இல்ல. மீட்டர் போச்சா இருக்குமோ?

ஸ்போக்காரன்:

மீட்டர பழி போடாதீங்க சார். கேபிள கீழ கழட்டிட்டு வீல சுத்துங்க, டிரைவ் ஓட்டைக்குள்ள நடுவுல இருக்குறது சுத்துதான்னு பாருங்க. சுத்துச்சுன்னா கேபிளோ மீட்டரோ. சுத்தலன்னா அண்ணன் சொன்ன ரெண்டு காது...

துருப்புடிச்சவன்:

சுத்தல.

முட்ட மூணு தடவ தடவி பாத்தேன், காத ஒரு தடவ கூட பாக்கல. இப்பதான் அழகா மடிச்ச ஸ்ப்ளிட் பின்ன நிமுத்திட்டு இருக்கேன்.